வெளிநாட்டில் மரண தண்டனை வழக்கு: வெளிநாட்டவரும் இரட்டைக் குடியுரிமையாளரும் சிக்கினால் குடும்பம் செய்ய வேண்டியவை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1982-ல் கைதான லாக்ராண்ட் சகோதரர்கள் இருவரும் ஜெர்மன் குடிமக்கள். தூதரக உதவி கேட்க உரிமை உண்டு என்று போலீஸ் அவர்களிடம் சொல்லவில்லை. ஜெர்மன் தூதரகத்துக்கு விஷயம் தெரிந்தது 1992-ல். அதற்குள் விசாரணை, தண்டனை, முதல் மேல்முறையீடு எல்லாம் முடிந்திருந்தன. தூதரக உரிமை மீறப்பட்டதைப் பிறகு எழுப்பியபோது, "விசாரணை நீதிமன்றத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்" என்று நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. 1999-ல் ஒரு வார இடைவெளியில் இருவருக்கும் தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஜெர்மனியின் பக்கம் நியாயம் என்று சர்வதேச நீதிமன்றம் 2001 ஜூனில் தீர்ப்பளித்தபோது இருவரும் உயிரோடு இல்லை.

இத்தகைய வழக்குகளின் போக்கே இதுதான். தொடக்கத்தில் எழுத்தில் பதிவாகாத எதையும் பின்னால் சேர்ப்பது மிகக் கடினம். அதனால் கீழே உள்ளவற்றைப் பெரும்பாலும் கைதான முதல் வாரங்களை மனதில் வைத்தே சொல்லியிருக்கிறோம்.

முதலில் குடியுரிமையை உறுதி செய்யுங்கள்

1963-ம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36-வது பிரிவுதான் அடித்தளம். கைதானவர் வெளிநாட்டவர் என்று தெரிந்ததும், தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கலாம் என்பதை அதிகாரிகள் தாமதமின்றி அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும். தூதரக அதிகாரி அவரைச் சந்திக்கலாம், கடிதம் எழுதலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். உளவுக் குற்றச்சாட்டு என்றால் இந்த உரிமை கிடையாது என்று சில அரசுகள் வாதிடும். குல்பூஷண் ஜாதவ் வழக்கில், இந்தியா பாகிஸ்தானுக்கு எதிராகத் தொடுத்த மனுவில், 2019 ஜூலை 17 அன்று சர்வதேச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பாதுகாப்பு வழக்கு என்று சொல்லி மறுத்தால் இந்தத் தீர்ப்பைப் பெயர் சொல்லிக் கடிதத்தில் எழுதுங்கள்.

இரட்டைக் குடியுரிமை பற்றி இந்த உடன்படிக்கை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கைது செய்த நாட்டின் குடியுரிமையும் அவருக்கு இருந்தால், அந்த நாடு அவரைத் தன் குடிமகனாக மட்டுமே பார்க்கும். 1930-ம் ஆண்டின் ஹேக் குடியுரிமை உடன்படிக்கையின் 4-வது பிரிவும் இதற்கு இடம் தருகிறது: ஒருவருடைய இரு நாடுகளில் ஒன்று, அவருக்காக இன்னொன்றுக்கு எதிராகத் தூதரகப் பாதுகாப்பு கோர முடியாது. சீனாவின் 1980-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2025 தொடக்கத்தில் சீனாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கனடியர் நால்வரும் இரட்டைக் குடியுரிமையாளர்கள் என்று கனடா அறிவித்தது. ஈரானும் அப்படியே. பிரிட்டன் குடியுரிமையும் கொண்டிருந்த முன்னாள் துணைப் பாதுகாப்பு அமைச்சர் அலிரேசா அக்பரி 2023 ஜனவரியிலும், ஸ்வீடன் குடியுரிமை கொண்ட ஹபீப் சாப் அதே ஆண்டு மே மாதத்திலும் அங்கே தூக்கிலிடப்பட்டனர்.

எனவே இந்த மூன்று கேள்விகளுக்கும் முதல் நாளே விடை எழுதிவையுங்கள். எந்த பாஸ்போர்ட்டில் நாட்டுக்குள் நுழைந்தார்? விசா எதில் குத்தப்பட்டது? பழைய குடியுரிமையைச் சட்டப்படி விட்டுவிட்டாரா, அதற்கான சான்றிதழ் எங்கே? புதிய குடியுரிமை வாங்கிய அன்றே பழையது தானாகப் போய்விட்டது என்று பலர் நம்புகிறார்கள். எல்லா நாட்டிலும் அப்படியில்லை. ஈரானில் குடியுரிமையைத் துறக்க அமைச்சரவை அனுமதி வேண்டும்; அதில்லாமல் வாங்கிய வெளிநாட்டுக் குடியுரிமையை அந்நாடு கணக்கில் எடுப்பதில்லை. சீனாவுடன் சில நாடுகள் செய்துள்ள தூதரக ஒப்பந்தங்களில், நுழைந்த பாஸ்போர்ட் எதுவோ அந்த நாட்டவராகவே நடத்த வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. உங்கள் நாட்டுக்கு அப்படி ஒப்பந்தம் இருக்கிறதா என்று வெளியுறவு அமைச்சகத்திடம் கேளுங்கள்.

இரட்டைக் குடியுரிமை என்று கைது செய்த அரசு சொன்னவுடன் ஒப்புக்கொண்டுவிடக் கூடாது. மெக்ஸிகோ தொடுத்த அவெனா வழக்கில், கைதிகளில் சிலர் அமெரிக்கக் குடிமக்களும்கூட என்று அமெரிக்கா வாதிட்டது. அதை நிரூபிக்கும் பொறுப்பு அமெரிக்காவுடையது என்று 2004-ல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவால் நிரூபிக்க முடியவில்லை. இருக்கும் இரண்டு குடியுரிமைகளும் கைது செய்த நாட்டுடையவை அல்ல என்றால் நிலைமை நல்லது: இரண்டு தூதரகங்களையும் அணுகலாம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள், தங்கள் நாட்டுக்கு அங்கே தூதரகம் இல்லையென்றால் வேறொரு உறுப்பு நாட்டின் தூதரகத்தை நாடலாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சொந்த அரசுக்குப் பயந்து வெளியேறிய அகதி என்றால், அவருடைய சம்மதம் இல்லாமல் அந்தத் தூதரகத்தை அழைக்கக் கூடாது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தை அணுகுங்கள்.

முதல் மூன்று நாட்கள்

தூதரகத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். தொலைபேசியில் பேசினாலும் அதையே மின்னஞ்சலிலும் அனுப்பி, பதிவு எண் வாங்குங்கள். கடிதத்தில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர், எண், பிறந்த தேதி, இரண்டு குடியுரிமையும் இருந்தால் இரண்டும், கைதான இடமும் நேரமும், கைது செய்த பிரிவு, தெரிந்த அளவில் குற்றச்சாட்டு, அவர் நன்றாகப் பேசும் மொழி, அன்றாடம் சாப்பிடும் மருந்து, வயது பதினெட்டுக்குக் கீழா, பெண் என்றால் கர்ப்பமா. கடைசி இரண்டும் மிக முக்கியம். குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 6-வது பிரிவின் 5-வது உட்பிரிவு, குற்றம் நடந்தபோது பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு மரண தண்டனை விதிப்பதையும் கர்ப்பிணிகளுக்கு அதை நிறைவேற்றுவதையும் தடுக்கிறது.

தூதரகத்திடம் கேட்க வேண்டியவை தனி. எப்போது சந்திப்பார்கள், சந்திப்பில் காவலர் உடனிருப்பாரா, உடலில் காயம் இருந்தால் குறித்துக்கொள்வார்களா, முதல் நீதிமன்றத் தேதிக்கு அதிகாரி வருவாரா? கைதியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் குடும்பத்திடம் தகவல் சொல்லப் பல நாடுகளின் தூதரகங்களுக்குச் சட்டம் அனுமதிக்காது. முதல் சந்திப்பிலேயே அந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லுங்கள். இதை மறந்து மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

தூதரகத்தால் முடியாததும் தெரிந்திருக்க வேண்டும். அது வழக்கை வாதாடாது, விடுதலை வாங்கித் தராது, பெரும்பாலும் வக்கீல் கட்டணமும் தராது. மெக்ஸிகோ விதிவிலக்கு: அமெரிக்காவில் மரண தண்டனையை எதிர்நோக்கும் தன் குடிமக்களுக்கென 2000-லிருந்து தனிச் சட்ட உதவித் திட்டம் நடத்துகிறது. உங்கள் நாட்டில் இப்படி நிதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்காதவருக்குத் தாமாக வந்து தருவது அரிது.

கைதியோடு தொலைபேசியில் பேசக் கிடைத்தால் வழக்கின் விவரத்தைப் பேசாதீர்கள். அழைப்பு பதிவாகிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். உடல்நலம், வக்கீல், மருந்து, இவ்வளவுதான் பேச்சு. அவருடைய சமூக ஊடகக் கணக்குகளையோ செய்திகளையோ அழிக்கவும் கூடாது. அது சாட்சியத்தை அழித்ததாகவே பார்க்கப்படும், அவரைக் காப்பாற்றக்கூடிய செய்தியும் அதோடு போய்விடும்.

வாக்குமூலமும் மொழிபெயர்ப்பும்

வெளிநாட்டவர் வழக்குகள் உடையும் இடம் பெரும்பாலும் இதுதான். சவூதி அரேபியாவில் 2013 ஜனவரி 9 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்ட இலங்கைப் பெண் ரிசானா நஃபீக், 2005-ல் வீட்டு வேலைக்குப் போனபோது அவருக்கு வயது 17. வெளிநாட்டு வேலைக்காக பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். முதல் வாக்குமூலத்தின்போது வக்கீல் இல்லை. மொழிபெயர்த்தவரின் தகுதியே பின்னர் கேள்விக்குள்ளானது. இரண்டு பிழைகளும் முதல் நாட்களில் நடந்தவை. அதற்குப் பின் ஏழு ஆண்டு முயற்சியாலும் அவற்றைச் சரிசெய்ய முடியவில்லை.

கைதிக்குத் தூதரகம் வழியாகச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. புரியாத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்துப் போடாதே. வற்புறுத்திப் போட வைத்தால், முடிந்தால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே உன் மொழியில் "எனக்கு வாசித்துக் காட்டவில்லை" என்று எழுது. அடித்தார்கள் என்றால் முதல் தூதரகச் சந்திப்பிலும் முதல் முறை நீதிபதி முன் நிற்கும்போதும் சொல்.

வக்கீல் செய்ய வேண்டியது: மொழிபெயர்ப்பாளரின் பெயர், தகுதி, அவர் எந்தத் துறையின் ஊழியர் என்பதைப் பதிவில் கேட்பது, விசாரணையின் ஒலி-ஒளிப் பதிவைக் கோருவது, வாக்குமூலத்தைச் சுயேச்சையான ஒருவரிடம் கொடுத்து மறுபடி மொழிபெயர்க்கச் செய்வது. கைதி ஒரு மொழியில் சொன்னது, நடுவில் இன்னொரு மொழிக்குப் போய், அங்கிருந்து நீதிமன்ற மொழிக்கு வந்திருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் பொருள் மாறியிருக்கும். "பையில் ஏதோ இருந்தது தெரியும்" என்பதும் "பையில் இருந்தது என்னவென்று தெரியும்" என்பதும் மரண தண்டனைச் சட்டத்தில் வெவ்வேறு வழக்குகள்.

வக்கீல்

முதலில் கிடைத்தவரை அமர்த்தாதீர்கள். தூதரகத்தின் பட்டியல் ஒரு தொடக்கம் மட்டுமே. தரத்துக்கு அது உத்தரவாதம் அல்ல. மூன்று பேரிடமாவது பேசி, மரண தண்டனை வழக்கு எத்தனை நடத்தினார், எதில் தண்டனை குறைந்தது, சிறைக்கு எத்தனை முறை நேரில் போவார், ஒவ்வொரு கட்டத்துக்கும் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். "உள்ளே ஆள் இருக்கிறது, முடித்துத் தருகிறேன்" என்று முழுப் பணத்தையும் முன்னதாகக் கேட்பவரை விட்டு விலகுங்கள். அரசு நியமிக்கும் வக்கீலே போதும் என்றாலும், தண்டனைக் குறைப்புக்கான சான்று திரட்ட இன்னொருவர் தேவைப்படும்.

வக்காலத்தில் கைதியின் கையெழுத்தைச் சிறை அதிகாரியோ தூதரகமோ சான்றிட வேண்டியிருக்கும். ஒரே சந்திப்பில் பல பிரதிகள் வாங்கிவிடுங்கள்.

சொந்த நாட்டில் திரட்ட வேண்டியவை

மரண தண்டனை வழக்கில் இரண்டு கேள்விகள் உண்டு: செய்தாரா, அப்படியே செய்திருந்தாலும் சாக வேண்டியவரா? இரண்டாவது கேள்விக்கான விடை கிட்டத்தட்ட முழுக்க அவருடைய சொந்த நாட்டில்தான் இருக்கும். வெளிநாட்டு வக்கீலுக்கு அங்கே எட்டாது. இந்தப் பொறுப்பைக் குடும்பம்தான் ஏற்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பதிவேடு, மருத்துவமனைச் சீட்டுகள், தலையில் அடிபட்ட பழைய விபத்தின் பதிவு, மனநல சிகிச்சைக் குறிப்பு, வேலை ஒப்பந்தம், ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தின் ரசீது, ஏஜென்டுடன் நடந்த செய்திப் பரிமாற்றம் எல்லாவற்றையும் அசலோடு சேருங்கள். வகுப்பாசிரியர், பக்கத்து வீட்டார், முன்னாள் முதலாளி ஆகியோரின் சத்தியப் பிரமாணங்களும் வேண்டும். "நல்ல பையன்" என்று எழுதித் தருவதால் பயனில்லை. எந்த ஆண்டு, எந்தச் சம்பவம், தாங்கள் நேரில் கண்டது என்ன என்பது இருக்க வேண்டும். குடும்பத்தின் வறுமை, வன்முறை, தற்கொலை, மனநோய் ஆகியவற்றை வெட்கத்தால் மறைப்பதே இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அவர் உயிரைக் காப்பது பல நேரம் அந்த விவரங்கள்தான்.

மனநலம் குறித்த சான்று முதல் விசாரணையிலேயே வர வேண்டும். ஹெராயின் கடத்தியதாக 2009 டிசம்பரில் சீனாவில் கொல்லப்பட்ட பிரிட்டன் குடிமகன் அக்மல் ஷேக் வழக்கில், அவருக்கு மனநோய் என்று குடும்பமும் பிரிட்டன் அரசும் சொல்லியும் மருத்துவப் பரிசோதனைக்கு நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. தனியாகப் போதிய மருத்துவ ஆவணம் இல்லை என்ற காரணம் சொல்ல அரசுக்கு வாய்ப்பு கொடுக்காதீர்கள். பழைய சிகிச்சைக் காகிதங்களை வக்கீல் கையில் முதல் மாதத்திலேயே சேருங்கள்.

ஆவணங்களின் சான்றிடல் தனி வேலை. இரு நாடுகளும் 1961-ம் ஆண்டின் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருந்தால் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று அது வழங்கப்பட்ட நாட்டின் அரசு இடும் சான்று) போதும். சீனாவில் அது 2023 நவம்பர் 7-லிருந்து நடைமுறையில் உள்ளது. இல்லையென்றால் உள்நாட்டு அதிகாரி, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாக அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டும், வாரங்கள் ஆகும். மொழிபெயர்ப்பை அந்நாட்டில் பதிவுபெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளரிடமே செய்யுங்கள். பெயரின் எழுத்து பாஸ்போர்ட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் வேறாக இருந்தால், இருவரும் ஒருவரே என்ற சான்றும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சொந்த நாட்டுப் போலீஸிடம் போகுமுன் வக்கீலைக் கேளுங்கள். 2005-ல் பாலியில் ஒன்பது ஆஸ்திரேலியர்கள் கைதானது, ஆஸ்திரேலியக் கூட்டாட்சிப் போலீஸ் இந்தோனேசியாவுக்குக் கொடுத்த தகவலால். அவர்களில் இருவர் 2015 ஏப்ரல் 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்டனர். மரண தண்டனை கேட்க மாட்டோம் என்ற உறுதிமொழி இல்லாமல் எந்தச் சாட்சியத்தையும் பகிரக் கூடாது என்று உங்கள் அரசுக்கு எழுத்தில் கோரிக்கை வையுங்கள். கைதானவர் இன்னும் மூன்றாவது நாட்டில் இருந்து, அங்கிருந்து நாடுகடத்தக் கேட்கிறார்கள் என்றாலும் இதே உறுதிமொழியே கேடயம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 1989-ம் ஆண்டு சோரிங் தீர்ப்பு அதற்குத் தொடக்கம்.

போதைப்பொருள் வழக்கு

இங்கே கிராமும் அனுமானமும்தான் உயிரைத் தீர்மானிக்கின்றன. சிங்கப்பூரில் ஹெராயின் 15 கிராம், கோகெய்ன் 30 கிராம், மெத்தம்ஃபெட்டமின் 250 கிராம், கஞ்சா 500 கிராம் தாண்டிக் கடத்தினால் மரண தண்டனை. ஹெராயினுக்கு அதிலுள்ள தூய டயாமார்ஃபின் (ஹெராயினின் வேதிப்பெயர்) எடைதான் கணக்கு, பொட்டலத்தின் மொத்த எடை அல்ல. ஆய்வக அறிக்கையின் மூலத் தரவையும், பொட்டலம் யார் யார் கையில் இருந்தது என்ற பதிவையும் கேளுங்கள். பையை வைத்திருந்தால் உள்ளே இருப்பது தெரியும் என்று சட்டம் அனுமானிக்கும். தெரியாது என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவர் பொறுப்பு. வெறும் சுமப்பவர் என்று நிரூபித்து, விசாரணைக்கு உறுதியான உதவி செய்ததாக அரசுத் தரப்பின் சான்றிதழும் கிடைத்தால், நீதிபதி ஆயுள் தண்டனை தரலாம். கீழ்நிலைச் சுமப்பவருக்கு எதுவும் தெரியாது, ஆகவே சொல்லவும் எதுவும் இருக்காது என்பதுதான் இதன் கொடுமை. 42.72 கிராம் ஹெராயினுக்காக 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்ட மலேசியர் நாகேந்திரன் தர்மலிங்கத்துக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று பதிவாகியிருந்தும் அது அவரைக் காக்கவில்லை.

மலேசியாவில் 2023 ஜூலையிலிருந்து கட்டாய மரண தண்டனை இல்லை; நீதிபதி தேர்ந்தெடுக்கலாம். பழைய தகவலை நம்பி யாரும் நம்பிக்கை இழக்கக் கூடாது.

ஏமாற்றிப் பையைக் கொடுத்துவிட்டார்கள் என்றால், ஏமாற்றியவர்மீது சொந்த நாட்டில் உடனே ஆள்கடத்தல் புகார் பதிவு செய்யுங்கள். இந்தோனேசியாவில் 2015 ஏப்ரலில் சுடப்படவிருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணொருவருக்குக் கடைசி நேரத்தில் தண்டனை நிறுத்தப்பட்டது, அவரை வேலைக்கு அனுப்பியவர் பிலிப்பைன்ஸில் சரணடைந்ததால். 2024 டிசம்பரில் அவர் நாடு திரும்பினார்.

கொலை வழக்கும் தியாவும்

கிஸாஸ், அதாவது உயிருக்கு உயிர் என்ற சட்டம் உள்ள நாடுகளில் இறந்தவரின் வாரிசுகள் மன்னித்தால் மரண தண்டனை நீங்கும். மன்னிப்புக்காக அவர்களுக்குத் தரும் இழப்பீட்டுப் பணம்தான் தியா. வாரிசுகள் அனைவரும் மன்னிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் சிக்கல். வாரிசு சிறுவயதினர் என்றால் சவூதியில் அவர் வயதுக்கு வரும்வரை காத்திருக்கும் வழக்கம் உண்டு.

முதலில் வாரிசுப் பட்டியலை நீதிமன்றத்திலிருந்தே பெறுங்கள். பேச்சுக்கு அவர்கள் மதிக்கும் பெரியவர்கள் போக வேண்டும். பணத்தொகையை முதல் வார்த்தையாகப் பேசினால் கதவு அடைபடும். உடன்பாடு ஆனதும் மன்னிப்பு நீதிமன்றத்திலோ நோட்டரி முன்னிலையிலோ பதிவாக வேண்டும். பணம் தூதரகம் அல்லது நீதிமன்றம் வழியாகவே போகட்டும். தரகர் கையில் ரொக்கம் கொடுத்து, பணம், மன்னிப்பு இரண்டையும் இழந்தவர்கள் உண்டு. மக்களிடம் நிதி திரட்டினால் தனி வங்கிக் கணக்கும் வெளிப்படையான கணக்குவழக்கும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

மன்னிப்பு கிடைத்ததும் வீடு திரும்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். வாரிசுகளின் உரிமை வேறு, அரசின் பொது உரிமை வேறு. சவூதியில் கேரளத்தைச் சேர்ந்த ஒருவருக்காக 1.5 கோடி ரியால் திரட்டிக் கொடுத்து 2024 ஜூலையில் மரண தண்டனை நீங்கியது. ஆனாலும் பொது உரிமையின் கீழ் 2025-ல் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்த வாதத்துக்கும் வக்கீலைத் தயாராக வையுங்கள். ஹத் (மதச் சட்டமே தண்டனையை வரையறுத்தவை), தஅஸீர் (தண்டனையை நீதிபதி தீர்மானிப்பவை) வகைக் குற்றங்களுக்கு இந்த வழியே கிடையாது. குற்றப்பத்திரிகையில் எந்த வகை என்று பார்த்துவிட்டுத்தான் தியா பற்றிப் பேச வேண்டும்.

கெடுவும் மேல்முறையீடும்

மேல்முறையீடு செய்வதற்கான கெடு, சீனாவில் தீர்ப்பு கிடைத்த மறுநாளிலிருந்து 10 நாள், சிங்கப்பூரில் 14 நாள், சவூதியில் 30 நாள். சட்டம் மாறும் என்பதால் தீர்ப்பு நாளன்றே வக்கீலிடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். சீனாவில் உச்ச மக்கள் நீதிமன்றம் ஒப்புதல் அளித்து நிறைவேற்ற உத்தரவிட்டால் ஏழு நாட்களுக்குள் முடிந்துவிடும். அந்த ஒப்புதலுக்கு முன்பே எழுத்து வாதங்கள் உள்ளே போயிருக்க வேண்டும். தூதரக உரிமை மீறல், மொழிபெயர்ப்புக் குறை, சித்திரவதை, வயது, மனநலம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி எழுப்புங்கள், முன்பு தள்ளுபடியாகியிருந்தாலும். அப்போதுதான் பின்னால் எந்த அமைப்பிடம் போனாலும் "நாங்கள் கேட்டோம், மறுத்தார்கள்" என்று காட்ட முடியும்.

சர்வதேச வழிகள்

சர்வதேச நீதிமன்றத்துக்குத் தனிநபர் போக முடியாது. அரசுதான் போக வேண்டும். அதற்கும் இரு நாடுகளும் அதன் அதிகாரத்தை ஏற்றிருக்க வேண்டும். வியன்னா உடன்படிக்கைத் தகராறுகளை இந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக இடம் தரும் நெறிமுறையிலிருந்து அமெரிக்கா 2005-ல் விலகிவிட்டது. ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் புகார் அனுப்ப அந்நாடு, குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் முதல் விருப்ப நெறிமுறையில் சேர்ந்திருக்க வேண்டும். சீனா, சிங்கப்பூர், சவூதி, ஈரான், இந்தோனேசியா, அமெரிக்கா எதுவும் சேரவில்லை.

எல்லா நாட்டுக்கும் பொருந்துவது ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்களின் அவசர முறையீடு. சட்டத்துக்குப் புறம்பான மற்றும் எதேச்சையான மரண தண்டனைகளுக்கான அறிக்கையாளருக்கு இரண்டு மூன்று பக்கத்தில் அனுப்புங்கள்: யார், என்ன குற்றச்சாட்டு, எந்தக் கட்டம், எந்த உரிமை எந்தத் தேதியில் மீறப்பட்டது, அடுத்த தேதி எது. மனித உரிமைக் குழுவின் 2018-ம் ஆண்டு 36-வது பொதுக் கருத்து, போதைப்பொருள் குற்றம் மரண தண்டனைக்குரிய "மிகக் கொடிய குற்றம்" ஆகாது என்கிறது. தூதரக உரிமையைத் தெரிவிக்காமல் விதித்த மரண தண்டனையை வாழ்வுரிமை மீறலாகவும் கருதுகிறது. இரண்டையும் மேற்கோளாகக் கொடுங்கள். இவை அந்த அரசைக் கட்டாயப்படுத்தாது. கருணை மனுவைப் பரிசீலிப்பவர் மேசையில் இவற்றுக்கு எடை உண்டு.

கருணை மனு

சில நாடுகளில் கருணை மனு போடுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பார்க்கப்படும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது அனுப்பாதீர்கள். யார் முடிவெடுப்பார் என்பதும் முக்கியம். சிங்கப்பூரில் குடியரசுத் தலைவர் அமைச்சரவை ஆலோசனைப்படியே நடப்பார். அமெரிக்க மாநிலங்களில் ஆளுநரோ மன்னிப்பு வாரியமோ. அவெனா தீர்ப்புக்குப் பின் 2004-ல் ஓக்லஹாமா ஆளுநர் மெக்ஸிகோ நாட்டவர் ஒருவரின் தண்டனையைக் குறைத்தார். மனுவில் சட்ட வாதத்தை மீண்டும் எழுதாமல் வாழ்க்கை வரலாறு, சிறை நடத்தை, குழந்தைகள், உடல்நலம் ஆகியவற்றை எழுதுங்கள். இரு நாட்டுத் தலைவர்களும் சந்திக்கவிருக்கும் நாளுக்கு முன் உங்கள் அரசிடம் கொடுங்கள்.

ஊடகத்துக்குப் போகலாமா என்பதற்கு ஒரே விடை இல்லை. தியா பேச்சு நடக்கும்போது தொலைக்காட்சி விவாதம் வாரிசுகளை அவமானப்படுத்திவிடும். பேச்சு அதோடு முறியும். வெளிப்படையான அரசியல் வழக்கிலோ மௌனமே ஆபத்து. வக்கீல், தூதரகம், குடும்பம் மூவரும் பேசி, பேசப்போகிறவர் ஒருவரை மட்டும் தீர்மானியுங்கள்.

தேதி தெரிந்தாலும், தண்டனை குறைந்தாலும்

முன்னறிவிப்பு நாட்டுக்கு நாடு வேறு. ஜப்பானில் கைதிக்கே அன்று காலைதான் தெரியும். சவூதியில் குடும்பத்துக்குச் சொல்லாமலே நிறைவேற்றுவதும், உடலைத் தராமல் அங்கேயே அடக்கம் செய்வதும் நடக்கிறது. எனவே கடைசி மேல்முறையீடு தோற்ற அன்றே, தேதி அறிவிப்பு, கடைசிச் சந்திப்பு, மதச் சடங்கு, உடலை ஒப்படைத்தல் ஆகியவற்றுக்கு எழுத்து உறுதி கேட்கும்படி தூதரகத்தை வற்புறுத்துங்கள். நிறுத்தக் கோரும் அவசர மனு, ஐ.நா. முறையீடு, அரசுத் தலைவருக்கான கடிதம் மூன்றும் தேதி மட்டும் நிரப்பும் நிலையில் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். குடும்பத்தினரின் பாஸ்போர்ட்டும் விசாவும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்டனை ஆயுளாகவோ குறிப்பிட்ட ஆண்டுகளாகவோ குறைந்தால், மீதித் தண்டனையைச் சொந்த நாட்டுச் சிறையில் கழிக்க வழி செய்யும் கைதி மாற்றத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள். பொதுவாகத் தீர்ப்பு இறுதியாகியிருக்க வேண்டும், மேல்முறையீடு நிலுவையில் இருக்கக் கூடாது, அபராதம் கட்டியிருக்க வேண்டும், கைதியும் இரு அரசுகளும் சம்மதிக்க வேண்டும். கைது செய்த நாட்டின் குடியுரிமையும் உள்ளவரை அந்த நாடு அனுப்ப மறுக்கலாம். அங்கே குடியுரிமையைத் துறக்கும் விண்ணப்பமும் மாற்ற விண்ணப்பமும் சேர்ந்தே போக வேண்டும். ஏற்கனவே கழித்த காலம், நன்னடத்தைக் கழிவு ஆகியவற்றைச் சிறையிடமிருந்து எழுத்தில் வாங்கி மாற்றக் கோப்பில் சேருங்கள். அது இல்லாமல் வந்தால், சொந்த நாட்டுச் சிறை ஆண்டுகளை எண்ணும்போது அந்தக் காலம் விடுபட்டுப்போகக்கூடும்.